செல்லே இல்லாத வெல்லும் ஊதாவாகிவிட்டது: மூன்றாம் ஆண்டு பிஎச்டி, இனி என்ன செய்வது?

#1 மஞ்சள்பட்டை

எல்லோருக்கும் வணக்கம். கரிம வேதியியலில் முனைவர் பட்டம் செய்கிறேன், மூன்றாம் ஆண்டு முடியப்போகிறது. மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்குமின் மூலக்கூறின் நடுவில் இருக்கும் டைகீட்டோன் பகுதியை ஹைட்ரசீன்களோடு சேர்த்துப் பைரசோல் என்ற வளையமாக மாற்றுவதுதான் என் வேலை. இதுவரை 22 சேர்மங்கள் செய்திருக்கிறேன். அவற்றில் நான்கில் மெத்தாக்ஸியைப் போரான் ட்ரைபுரோமைடு போட்டு வெட்டி, கேட்டகாலாக (பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓஎச் உள்ள வளையம்) ஆக்கினேன்.

எங்கள் துறையில் செல் கல்ச்சர் (செல் வளர்க்கும்) வசதி கிடையாது. பவுடரைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, பாரஃபில்ம் சுற்றி, வெளியே ஓர் ஆய்வகத்துக்குக் காசு கட்டி அனுப்பினோம். அவர்கள் எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுநோய் செல்களில் எம்டிடி (உயிருள்ள செல்லை நிறத்தால் அளக்கும் சோதனை) செய்து ஓர் எக்செல் ஷீட் அனுப்பினார்கள். 14-ஆம் சேர்மத்துக்கு ஐசி50, அதாவது செல்களைப் பாதியாகக் குறைக்கும் செறிவு, 12 மைக்ரோமோலார் (எண் குறைந்தால் வீரியம் அதிகம்). அதே ஷீட்டில் குர்குமினுக்கு 31. கைடு ரொம்பச் சந்தோஷப்பட்டார், உடனே பேப்பர் எழுதச் சொல்லிவிட்டார்.

எழுத உட்கார்ந்து வரைபடம் போட்டபோதுதான் உறுத்தியது. 3, 10, 30 மைக்ரோமோலார் வரை உயிருள்ள செல்களின் சதவீதம் அழகாக இறங்குகிறது. 100-ல் மறுபடி ஏறுகிறது. 30-ல் செத்த செல் 100-ல் எப்படிப் பிழைக்கும்? அனுப்பியவர்களிடம் கேட்டேன். "அந்தப் புள்ளியை விட்டுவிட்டுப் போடுங்கள், வளைவு நன்றாக வரும்" என்றார்கள். மனசு ஒப்பவில்லை.

பயோடெக்கில் படிக்கும் ஒரு தோழி போன வாரம் ஒரு சாயங்காலம் அவர்கள் லேபில் இடம் கொடுத்தாள். செல் எதுவும் போடவில்லை. செல் வளர்க்கும் திரவமான மீடியா, என் சேர்மம், எம்டிடி என்ற மஞ்சள் உப்பு, அவ்வளவுதான். நாலு மணி நேரம் கழித்து இன்குபேட்டரைத் திறந்தால் 100 மைக்ரோமோலார் போட்ட மூன்று வெல்லும் (பிளேட்டில் இருக்கும் குழிகள்) கத்தரிப்பூ நிறம். பக்கத்தில் வெறும் டிஎம்எஸ்ஓ கரைப்பான் போட்ட வெல்கள் மஞ்சளாகவே இருந்தன. செல்லே இல்லாத இடத்தில் "செல் உயிரோடு இருக்கிறது" என்று பிளேட் சொல்கிறது.

இதைக் கைடிடம் எப்படிச் சொல்வது? முதலில், இதற்கு அர்த்தம் என்ன? உயிரியல் பக்கம் எனக்குப் பன்னிரண்டாம் வகுப்போடு சரி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 செல்அறை

தங்கச்சி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். செல் இல்லாமல் ஒரு வரிசை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே, அதுதான் ஆராய்ச்சி. பத்து வருடமாக செல் கல்ச்சர் செய்கிறேன், அந்த வரிசையை ஓட்டாமலே வெளிவந்த எத்தனையோ பேப்பர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது விஷயம். எம்டிடியை 1983-ல் மாஸ்மன் கொண்டுவந்தார். எல்லோரும் அதைச் "சாவு அளக்கும் சோதனை" என்று நினைக்கிறார்கள். அது அளப்பது சாவை அல்ல. மஞ்சள் உப்புக்கு எலக்ட்ரான் கொடுத்தால் அது ஊதா ஃபார்மசான் ஆகும். உயிருள்ள செல்லின் நொதிகள் அந்த எலக்ட்ரானைக் கொடுக்கின்றன, அதனால் ஊதா அதிகம் என்றால் செல் அதிகம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் எலக்ட்ரான் எங்கிருந்து வந்தது என்று எம்டிடிக்குத் தெரியாது. வைட்டமின் சி கொடுத்தாலும் ஊதா, தயால் கொடுத்தாலும் ஊதா. உன் 14-ல் கேட்டகால் இருக்கிறது. கேட்டகால் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுக் குவினோனாகப் போவதற்குக் காத்துக்கொண்டிருக்கிற வகை. 100-ல் ஏறுவது செல் இல்லை, உன் சேர்மம்.

அப்படியானால் 10-லும் 30-லும் இறங்கியது நிஜமா என்பது அடுத்த கேள்வி. அங்கேயும் எனக்குச் சந்தேகம்தான். கேட்டகால், பைரோகலால் மாதிரி ஃபீனால்கள் கல்ச்சர் மீடியாவில் காற்றுப் பட்டுத் தானாகவே ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். கிரீன் டீயின் இஜிசிஜி விஷயத்தில் இது பல வருடங்களுக்கு முன்பே நன்றாக நிறுவப்பட்டது. அப்போது செல்லைக் கொல்வது உன் மருந்து இல்லை, மீடியாவில் ஊறிய பெராக்சைடு. மனித உடம்பில் அந்த நிலைமையே வராது.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மீடியாவில் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி சேர்த்து அதே பிளேட்டை மறுபடி ஓட்டு. பெராக்சைடுதான் காரணம் என்றால் செல்கள் பிழைத்துக்கொள்ளும். பக்கத்திலேயே கொதிக்கவைத்துச் செயலிழக்கச் செய்த கேட்டலேஸ் ஒரு வரிசை வை. இல்லாவிட்டால் "புரதம் சேர்த்ததால் உங்கள் சேர்மம் அதில் ஒட்டிக்கொண்டது" என்று எவராவது கேட்பார்கள், நியாயமாகவே கேட்பார்கள். அப்புறம் எம்டிடியை விட்டுவிட்டு எஸ்ஆர்பி செய். 1990-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் உருவாக்கியது. செல்லை ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தால் தட்டில் நிலைப்படுத்தி, தண்ணீரில் நாலைந்து முறை கழுவி, புரதத்தில் ஒட்டும் சிவப்புச் சாயம் போடுவது. உன் சேர்மம் கழுவலில் போய்விடும், எலக்ட்ரான் பிரச்சினையே இல்லை.

இன்னொன்று. 100 மைக்ரோமோலார் வெல்லை மைக்ராஸ்கோப்பில் பார்த்தாயா? ஊசி ஊசியாகப் படிகம் தெரிந்தால், கரையாத மருந்தைச் செல் மேல் மணல் மாதிரித் தூவியிருக்கிறாய் என்று அர்த்தம்.

#3 சிலிக்கா60

செல்அறை அக்கா சொன்னது எல்லாம் சரி. நான் வேதியியல் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி கேட்கிறேன் தங்கச்சி, கோபித்துக்கொள்ளாதே. தொடக்கப் பொருள் குர்குமின் கடையில் வாங்கியதா, நீ செய்ததா?

வாங்கியதாக இருந்தால் புட்டியில் "குர்குமின்" என்று எழுதியிருந்தாலும் உள்ளே மூன்று பேர் இருப்பார்கள். சுமார் 77 சதவீதம் குர்குமின், 17 சதவீதம் டெமெத்தாக்ஸி, 3 சதவீதம் பிஸ்டெமெத்தாக்ஸி. குளோரோஃபார்முக்கு 5 சதவீதம் மெத்தனால் சேர்த்து டிஎல்சி (மெல்லிய தட்டில் பிரித்துப் பார்க்கும் சோதனை) ஓட்டு, ஒன்றின்கீழ் ஒன்றாக மூன்று மஞ்சள் பொட்டு தெரியும். யூவி விளக்குகூட வேண்டாம். அதைப் பிரிக்காமல் ஹைட்ரசீனோடு போட்டால் மூன்று பைரசோல் கலந்து வரும். என்எம்ஆரில் மெத்தாக்ஸி சிங்லெட்டின் இன்டகிரேஷன் (ஹைட்ரஜன் எண்ணிக்கை) 6-க்குப் பதில் 5.6 வந்தால் "சரி, கிட்டத்தட்ட" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

பேபன் முறையில் வெனிலினும் அசிட்டைல் அசிட்டோனும் வைத்துச் செய்தால் இந்தத் தலைவலி கிடையாது. 1964-ல் வந்த முறை, இன்றைக்கும் அதுதான். போரிக் ஆக்சைடு டைகீட்டோனைப் பிடித்துக்கொள்வதால் நடுக் கார்பன் வினைபுரியாமல் ஓரத்து மெத்தில்கள் மட்டும் வெனிலினோடு சேரும். இரண்டு பக்கமும் ஒரே ஆல்டிஹைடு என்பதால் கலப்படத்துக்கு வழியில்லை.

உயிரியலுக்கு அனுப்பும் எதற்கும் எச்பிஎல்சியில் 95 சதவீதத் தூய்மை காட்டு. மருத்துவ வேதியியல் இதழ்கள் கேட்கிற குறைந்தபட்சமே அதுதான்.

#4 மஞ்சள்பட்டை

அண்ணா, வாங்கியதுதான். பிந்தைய 16 சேர்மங்களுக்குக் குர்குமினைக் காலம் குரோமட்டோகிராஃபியில் பிரித்த பிறகே பயன்படுத்தினேன். முதல் வருடத்தில் செய்த ஆறுக்கு எத்தனாலில் ஒரே ஒரு முறை மறுபடிகமாக்கியதோடு சரி. நேற்று இரவு அந்த ஆறின் என்எம்ஆரை எடுத்துப் பார்த்தேன். இரண்டில் நீங்கள் சொன்ன அதே 5.6. அப்போது எனக்கு அது கண்ணிலேயே படவில்லை.

14-ஆம் சேர்மம் பிரித்த குர்குமினில் இருந்து வந்தது. அது சுத்தம்.

#5 ஈரோட்டான்

இந்த இழையைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எங்கள் ஊர் மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பே, 1995-ல், மஞ்சள் புண்ணை ஆற்றும் என்று அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள். நம் அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் வழக்காடி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. நம் பாட்டிகளுக்குத் தெரிந்ததை நாமே பொய் என்று சொல்லலாமா? ஆயிரக்கணக்கான ஆராய்ச்சிகள் குர்குமின் நல்லது என்கின்றனவே?

#6 சிலிக்கா60

அண்ணே, உங்கள் வருத்தம் புரிகிறது. நானும் அடிபட்டால் மஞ்சள் வைத்து வளர்ந்தவன்தான். அந்தக் காப்புரிமை வழக்கில் நாம் ஜெயித்தது "இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை, எங்களுக்கு முன்பே தெரியும்" என்ற வாதத்தில். சிஎஸ்ஐஆர் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் ஆதாரமாகக் காட்டியது. குர்குமின் மாத்திரை புற்றுநோயைத் தீர்க்குமா என்ற கேள்வி அந்த வழக்கில் எழவே இல்லை. இரண்டையும் சேர்த்துப் பேசினால் இரண்டுமே கெடும்.

ஆயிரக்கணக்கான ஆராய்ச்சி என்பதில்தான் சிக்கலே. 2017-ல் நெல்சன், வால்டர்ஸ் உள்ளிட்டோர் ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரியில் குர்குமின் பற்றி நீண்ட ஆய்வு ஒன்று வெளியிட்டார்கள். 120-க்கு மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகள் நடந்த பின்னும், யாருக்கு எது கொடுக்கிறோம் என்று இருதரப்புக்கும் தெரியாமல் போலி மருந்தோடு ஒப்பிட்டுச் செய்த ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்பது அவர்கள் சொன்னது. காரணம் வேதியியல்தான். குர்குமின் புரதங்களோடு வினைபுரியும், ஒளிரும், உலோகத்தைப் பிடிக்கும், கூழாகத் திரளும். எந்தச் சோதனையில் போட்டாலும் ஏதாவது ஒரு விதத்தில் "வேலை செய்வதாக"க் காட்டும். சீரம் இல்லாத 7.2 பிஎச் பஃபரில், 37 டிகிரியில் வைத்தால் அரை மணி நேரத்தில் 90 சதவீதம் சிதைந்துபோகிறது. 48 மணி நேரம் செல்லோடு வைத்து அளக்கிறோமே, எதை அளக்கிறோம்?

இப்படிப் பல சோதனைகளில் பொய்யாகத் தேறிவிடும் அமைப்புகளை 2010-ல் பேலும் ஹாலோவேயும் பட்டியல் போட்டார்கள். பெயின்ஸ் என்று சொல்வார்கள். கேட்டகாலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

#7 செல்அறை

ஈரோட்டான் அண்ணே, ஒன்று சேர்க்கிறேன். 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் குர்குமினோடு மிளகின் பைப்பரீன் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். மனிதர்களின் ரத்தத்தில் கிடைக்கும் அளவு 2000 சதவீதம் கூடியது. மஞ்சளையும் மிளகையும் பாலில் சேர்த்துக் குடிப்பதற்கு ஆதாரமாக எல்லோரும் இதைக் காட்டுவார்கள். நல்ல ஆய்வு, எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் கூடுவதற்கு முன் இருந்த அளவு அவ்வளவு சொற்பம் என்பதையும் அதே ஆய்வுதான் காட்டுகிறது. மஞ்சளை நாம் நேசிப்பதால்தான் அதைக் கவனமாகச் சோதிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

#8 பேராசிரியர்_ஓய்வு

முப்பது ஆண்டுகள் கைடாக இருந்தவன் என்ற முறையில் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன் அம்மா.

அந்த 100 மைக்ரோமோலார் புள்ளியை எடுத்துவிட்டு வரைபடம் போடாதே. யார் சொன்னாலும் போடாதே. காரணம் எழுதாமல் ஒரு புள்ளியை நீக்குவது தரவைத் திரிப்பது. அதற்கு வேறு பெயர் கிடையாது.

கைடிடம் போகும்போது "நாம் செய்தது தப்பு சார்" என்று ஆரம்பிக்காதே. அவருக்கு அடுத்த புராஜெக்ட் ரிப்போர்ட், துறையின் கணக்கு, இரண்டு மாணவர்களின் சினாப்சிஸ் (தீசிஸ் சுருக்கம்) எல்லாம் தலையில் இருக்கும். பிளேட்டின் புகைப்படத்தை மேசையில் வை. எந்த வரிசையில் என்ன போட்டாய் என்று மட்டும் சொல். வேதியியல் படித்தவர் அந்த ஊதாவைப் பார்த்தால் தானே யோசிப்பார். அதன் பிறகு ஒரு மாதம் அவகாசம் கேள், கேட்டலேஸுக்கும் எஸ்ஆர்பிக்கும் ஆகும் செலவைத் தாளில் எழுதிக்கொண்டு போ. வெறுங்கையோடு பிரச்சினையை மட்டும் கொண்டுபோகாதே.

என் மாணவி ஒருத்தி இப்படி ஒரு முறை வந்தபோது நான் அவளைத் திட்டி அனுப்பினேன். இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. காலையில் அவளுக்கு முன்னால் லேபுக்குப் போய் அந்தச் சோதனையை நானே ஓட்டிப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. உன் கைடு முதலில் கோபப்பட்டால் அதைக் கடைசிப் பதிலாக எடுத்துக்கொள்ளாதே.

#9 இரவுஷிஃப்ட்

ஐயா சொல்வது எல்லாம் நியாயம். ஆனால் காலம், காசு பற்றி யாரும் பேசவில்லையே? ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை உள்ளவர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், அதற்கு அடுத்த நிலையான எஸ்ஆர்எஃப் ஆனால் 42,000. அது ஐந்து வருடத்தோடு நின்றுவிடும். என்னை மாதிரி ஃபெலோஷிப்பே இல்லாதவர்கள் பகலில் டியூஷன் எடுத்து ராத்திரி காலம் குரோமட்டோகிராஃபி போடுகிறோம். பேப்பர் இல்லாமல் தீசிஸ் கொடுக்க முடியாது என்கிறார்கள். ஒரு சேர்மம் போனால் ஒரு வருடம் போகிறது.

#10 வைவா_முடிந்தது

இரவுஷிஃப்ட், உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும், நானும் ஃபெலோஷிப் இல்லாமல் முடித்தவன்தான். யுஜிசியின் 2022 விதிமுறையில் பேப்பர் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டார்கள். ஆனால் பல்கலைக்கழகம் தனியாக நிபந்தனை வைக்கலாம், அதனால் உங்கள் பல்கலைக்கழகத்தின் விதிமுறையை எழுத்தில் வாங்கிப் படியுங்கள், வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருடச் சலுகை உண்டு. மஞ்சள்பட்டைக்கு நேரம் இருக்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். என் தீசிஸில் ஒரு முழு அத்தியாயம் கேபி என்ற செல்லை வைத்து. வாய்ப் புற்றுநோய் செல் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், நானும் "வாய்ப் புற்றுநோய்க்கு எதிரான" என்று தலைப்பு வைத்து நாற்பது பக்கம் எழுதினேன். சினாப்சிஸ் கொடுக்க இரண்டு மாதம் இருக்கும்போது, கலப்படமான செல்களின் சர்வதேசப் பட்டியலில் கேபி இருப்பதைப் பார்த்தேன். அது ஹீலா. 1951-ல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற அம்மாவின் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து எடுத்த செல். பல லேபுகளில் வேறு செல்களுக்குள் புகுந்து அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நான் வாய் என்று நினைத்து இரண்டு வருடம் கர்ப்பப்பை வாயில் வேலை செய்திருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் தலைப்பை மாற்றி, எங்கே எதை நம்பினேன், எப்படித் தெரியவந்தது என்று ஆறு பக்கம் சேர்த்தேன். வைவாவில் வெளித் தேர்வாளர் மற்ற அத்தியாயங்களைப் புரட்டிவிட்டு இதில்தான் முக்கால் மணி நேரம் கேட்டார். செல்லின் டிஎன்ஏ அடையாளத்தைச் சரிபார்க்கும் எஸ்டிஆர் சோதனை என்றால் என்ன, எந்த இடங்களைப் பார்க்கிறார்கள், எத்தனை சதவீதம் ஒத்துப்போக வேண்டும் என்று குடைந்தார். பதில் எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் அந்த இரண்டு மாதம் நான் வேறு எதையும் படிக்கவில்லை.

மஞ்சள்பட்டை, உன் எம்சிஎஃப்-7 எங்கிருந்து வந்தது, எத்தனையாவது பாசேஜ் (எத்தனை முறை பிரித்து வளர்த்தது) என்று அந்த ஆய்வகத்திடம் எழுதிக் கேள். புனே என்சிசிஎஸ் செல் சேமிப்பகத்திலிருந்து வாங்கியிருந்தால் அதற்குத் தாள் இருக்கும்.

#11 மஞ்சள்பட்டை

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

ஐயா சொன்ன மாதிரியே பிளேட்டின் படத்தை மேசையில் வைத்தேன். சார் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் "14-ல் கேட்டகால் இருக்கிறதே" என்று அவராகவே சொன்னார். கோபம் எனக்குத் தெரிந்தது, என் மேலா, அந்த ஷீட் மேலா என்று தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, பயோடெக் துறைத் தலைவருக்குத் தானே போன் செய்து எனக்கு இடம் கேட்டார். பேப்பரை நிறுத்தி வைத்தாயிற்று.

செல்அறை அக்கா, கேட்டலேஸ் பிளேட்டை மூன்று தடவை செய்தேன், அளந்தது எஸ்ஆர்பியில். கேட்டலேஸ் இல்லாமல் 14-க்கு ஐசி50 15 பக்கம். கேட்டலேஸ் சேர்த்ததும் 60-லும் பாதிச் செல் சாகவில்லை. கொதிக்கவைத்த கேட்டலேஸ் வரிசை பழைய மாதிரியே 15. அந்த வரிசையைப் போடாமல் இருந்திருந்தால் எனக்கே நம்பிக்கை வந்திருக்காது. மற்ற மூன்று கேட்டகால்களும் இதே கதை. 14 போய்விட்டது. மைனஸ் 78-ல் கை மரத்துப்போக நின்று, போரான் ட்ரைபுரோமைடு புகையைப் பார்த்துக்கொண்டே செய்த சேர்மம். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த ஆய்வகத்திடம் செல் பற்றிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. அதனால் அவர்கள் கொடுத்த எண் எதையும் தீசிஸில் பயன்படுத்தப் போவதில்லை. தோழியின் லேபில் இருப்பது என்சிசிஎஸ் செல், தாள் பார்த்தேன்.

சிலிக்கா60 அண்ணா, அந்த ஆறு சேர்மத்தையும் பேபன் முறையில் வெனிலினிலிருந்து மறுபடி செய்கிறேன். நான்கு முடிந்தது, எச்பிஎல்சியில் நான்கும் 97-க்கு மேல். மெத்தாக்ஸி 6.0.

ஒரு விஷயம் மட்டும் கேட்க வேண்டும். 9-ஆம் சேர்மத்தில் கேட்டகால் இல்லை, மெத்தாக்ஸி அப்படியே இருக்கிறது, எம்டிடியைத் தனியாக நிறம் மாற்றவும் இல்லை. எஸ்ஆர்பியில் 38 வருகிறது, கேட்டலேஸ் சேர்த்தாலும் 38. பலவீனம்தான். ஆனால் அசையவில்லை. அடுத்த டி.சி. (டாக்டோரல் கமிட்டி) மீட்டிங்கில் இதைக் காட்டலாமா? அதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

#12 செல்அறை

காட்டு. 14-ஐயும் சேர்த்துக் காட்டு, எல்லா வரிசையும் ஒரே படத்தில்.

9-க்கு இரண்டு வேலை பாக்கி. புற்றுநோய் இல்லாத, சாதாரண மனிதத் தோல் செல்லான ஃபைப்ரோபிளாஸ்டில் அதே எஸ்ஆர்பி. அங்கேயும் 38 வந்தால் அது எல்லாச் செல்லையும் ஒரே மாதிரி அடிக்கிறது என்று அர்த்தம், அதை அப்படியே எழுது. அப்புறம் சேர்மம் கூழாகத் திரள்கிறதா என்று பார். ஆனால் 0.01 சதவீத ட்ரைட்டான் மாதிரி டிடர்ஜென்ட் போடும் திரள் சோதனையைச் செல்லில் செய்யாதே, செல்லே கரைந்துவிடும். அது தனி நொதிச் சோதனைக்குத்தான். உனக்கு மீடியாவில் ஒளிச்சிதறல் பார்த்தால் போதும், 38-ல் தெளிவாக இருக்கிறதா கலங்குகிறதா என்று.

ஸ்டாக்கை டிஎம்எஸ்ஓவில் 10 மில்லிமோலாராகக் கரைத்து, பழுப்புக் குப்பிகளில் இருபது மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 20-ல் வை. ஒரு குப்பியை ஒரு தடவைதான் எடுக்க வேண்டும், உருகியதை மறுபடி உறையவைக்காதே. வெல்லில் டிஎம்எஸ்ஓ அரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

ஃபைப்ரோபிளாஸ்ட் கிடைக்கவில்லை என்றால் தனிச் செய்தியில் சொல்லு. எங்களிடம் நாலாவது பாசேஜ் ஒரு குப்பி நைட்ரஜனில் இருக்கிறது.

#13 மஞ்சள்பட்டை

அனுப்பிவிட்டேன் அக்கா. மீட்டிங் 19-ஆம் தேதி.